வயிற்றில் வளர்ந்த முடி

"சொட்டை எங்கேடி? பிடுங்கின இடத்தைக் காட்டு!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் கிடந்த மகளின் தலையை இடது கையால் கோதிக் கோதிப் பார்த்தாள் சாஹிரா. பதினாலு வயசு இரமுக்குக் கருகருவென்று காடாக முடி. எங்கே விலக்கிப் பார்த்தாலும் ஒரு சொட்டை இல்லை.

டாக்டர் ஜெயஸ்ரீ சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். "வயித்துக்குள்ள பந்து மாதிரி முடி சேர்ந்திருக்கு. அதோட வால் குடல் வரைக்கும் இறங்கி அடைச்சுக்கிட்டிருக்கு. சில பிள்ளைங்க தன் முடியைத் தானே பிச்சுத் தின்னும். இப்பவே திறக்கணும். திறந்தாலும் நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

ஒரு மாதமாக வாந்தி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏறாத கிளினிக் இல்லை. கேஸ் மாத்திரை, டானிக் என்று தின்னக் கொடுத்ததுதான் மிச்சம்.

வண்டி நகரும்போது இரம் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தா... அம்மாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

"இன்னும் சொல்றதுக்கு என்னடி இருக்கு? அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே!" என்று வெடித்து அழுதாள் சாஹிரா. மொஹ்சின் மகளின் கையை மெதுவாக விடுவித்தார். கதவு மூடிக்கொண்டது.

பக்கத்து பெஞ்சில் முனியம்மா. புருஷனின் குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பெருங்களத்தூரிலிருந்து வந்தவள். வந்ததிலிருந்து அவள் வாய் சும்மா இல்லை.

"பொண்ணுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"முடியைத் தின்னுட்டாளாம்க்கா."

"அய்ய! துன்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? எவளோ கண்ணு வெச்சுட்டா. மந்திரிச்சு வுடு, எல்லாம் சரியாப் பூடும்."

சாஹிராவுக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குக் கோபம் வராதா பின்னே?

"எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லக்கா. மார்ல கட்டி எடுத்ததுலேர்ந்து எனக்கு வலது கை தூக்க வரலை. எனக்குத் தலைக்கு ஊத்தறது, மருதாணி போடறது, சீவிப் பின்னறது எல்லாம் அவதான். பின்னி முடிச்சதும் சீப்பைக் காட்டுவா, கையை விரிச்சுக் காட்டுவா. பாய்லகூட ஒரு முடி கிடக்காது. அவ்ளோ சுத்தம்! அவ போய் முடியை வாயில வைப்பாளா?"

"சாஹிரா, சும்மா இரு" என்றார் மொஹ்சின். "உன் உடம்பைப் பத்தி எல்லார்கிட்டயும் எதுக்கு?"

"சொன்னா என்னவாம்? வெறும் கட்டிதானே. மருந்து ஏத்திக்கிட்டு இருந்தாங்க, போன வாரம் அதுவும் வேணாம்னுட்டாங்க. இனிமே வரவே வேணாமாம்க்கா."

"அப்ப நல்லதாப் போச்சு, வுடு" என்றாள் முனியம்மா.

மொஹ்சின் எழுந்து ஜன்னல் பக்கம் போய், ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சாஹிரா கையேந்தினாள். யா அல்லாஹ், எனக்குத்தான் குணமாகிவிட்டதே, அந்த ஆயுசில் பாதியை என் பிள்ளைக்குக் கொடுத்துவிடு என்று கேட்டாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கடைசியில் கதவு திறந்தது.

"பொண்ணு தப்பிச்சுட்டா" என்றார் ஜெயஸ்ரீ. "அழுகின குடலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைச்சிருக்கோம். ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும்."

சாஹிரா டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முனியம்மாகூட மூக்கைச் சிந்தினாள்.

உள்ளிருந்து எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து துணியை விலக்கினாள். முதலில் பார்த்தவர் மொஹ்சின். சட்டென்று தட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மூடுங்க சிஸ்டர், மூடுங்க! அவ பார்க்க வேணாம்!"

"நகருங்க. பெத்தவ நான் பார்க்கணும்" என்று அவரை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள் சாஹிரா.

கறுத்து, இறுகி, இரைப்பையின் வடிவத்திலேயே கிடந்தது அந்த முடிக்கட்டி. மேலாகச் சுற்றியிருந்த புது இழைகள் மட்டும் இன்னும் நிறம் மாறவில்லை. நீள நீளமாக, மருதாணிச் சிவப்பில் இருந்தன.

"டாக்டர், இது எம் பொண்ணு முடி இல்ல. அவ மருதாணியே போட மாட்டா."

ஜெயஸ்ரீ புரியாமல் மொஹ்சினைப் பார்த்தார். மொஹ்சின் தரையைப் பார்த்தார்.

சாஹிரா முக்காட்டைத் தள்ளிவிட்டு, இடது கையால் தன் தலைமுடியைப் பற்றி இழுத்தாள். வலிக்கவே இல்லை. ஒரு கொத்து அப்படியே கையோடு வந்துவிட்டது.

அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"கேன்சரா இருந்தா முடி கொட்டும், உனக்குத்தான் கொட்டலையேன்னு நீங்கதானே சொன்னீங்க?"