மொட்டைக் கடிதம்

"எவன் எழுதினான்? பேரை மட்டும் சொல்லுங்க, போதும்!"

டெர்மட் போட்ட சத்தத்தில் கொட்டகையில் இருந்த பதினோரு மாடும் திரும்பிப் பார்த்தன.

"மொட்டைக் கடிதத்துல ஏதுப்பா பேரு?" என்றார் விவசாய இலாகா இன்ஸ்பெக்டர் ஹெனகன். "எழுதினது பொய்யில்லையே. உத்தரம் உளுத்துப்போச்சு. கூரை எப்ப வேணா தலையில இறங்கும். ஆறு மாசத்துல புதுசு கட்டணும். இல்லேன்னா உங்க பாலை யாரும் வாங்கக் கூடாதுன்னு உத்தரவு வரும். பாதிச் செலவு மானியமா கிடைக்கும், மனு போடுங்க."

"அரசாங்கத்துக்கிட்ட கை நீட்டவா? எங்கப்பன் நீட்டல. நானும் நீட்ட மாட்டேன்."

பால் வாளியோடு நின்ற அவன் மனைவி யூனா நிதானமாகச் சொன்னாள்: "விடு. மாட்டை வித்துடலாம். எழுதினவனுக்கும் அதுதானே வேணும்? சிரிச்சுட்டுப் போறான்."

டெர்மட்டின் காது சிவந்தது.

"சிரிப்பானா? வாயைப் பிளந்து பாக்குற மாதிரி கட்டுறேன். குடுங்க அந்த ஃபாரத்தை!"

அந்த வருஷம் மேயோ ஜில்லாவில் மழை விடவே இல்லை. டெர்மட்டும் விடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாகத் தோண்டினான்.

நடுவில் ஹெனகன் வந்து அளந்தார். "அஸ்திவாரம் ரெண்டு அங்குலம் ஆழம் பத்தாது."

"நாலு நாள் மழையில தோண்டினதுய்யா!"

"இன்னும் ரெண்டு அங்குலம் தோண்டினாத்தான் கையெழுத்து."

டெர்மட் அவரை முறைத்தான். பிறகு கடப்பாரையை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒவ்வொரு முகமாகத் துழாவுவான். "அந்தப் பக்கத்துப் பண்ணைக் கோனரி முழியே சரியில்ல. அவன்தான்."

"பூசையைக் கவனி" என்பாள் யூனா.

மாடுகள் புதுக் கொட்டகைக்கு மாறின எட்டாம் நாள் புயல் வந்தது. மத்தியானத்துக்குள் பழைய கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. டெர்மட் அந்த இடிபாட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு புயலுக்கும் அந்த உத்தரத்தைத் தோளில் முட்டுக் கொடுத்து அவன் நிற்கும் இடம் அது.

கடைசிச் சோதனைக்கு ஹெனகன் வந்தார். தரையைத் தட்டினார், சாக்கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க, யாரு அவன்?" என்றான் டெர்மட். "ஒரு கிளாஸ் விஸ்கி வாங்கிக் குடுக்கணும். அப்புறம் மூக்குல ஒரு குத்து விடணும்."

"சொல்றதுக்குச் சட்டத்துல இடமில்லப்பா."

டெர்மட் முனகிக்கொண்டே பால் கறக்கப் போனான். யூனா கேட் வரை வழியனுப்ப வந்தாள்.

ஹெனகன் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை மொட்டைக் கடிதம் எழுதினா, அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடும்மா."

யூனாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கண் கலங்கியது.

"பத்து வருஷமா கெஞ்சினேன் சார். கேக்கல" என்றாள்.

கடைசி வரி இதுதான்:

'தயவுசெய்து சீக்கிரம் வாங்க. எனக்குன்னு இருக்கிறது இந்த மனுஷன் ஒருத்தர்தான்.'