இடக்கை முடிச்சு

“தூரம் தெரியிற லென்ஸைப் போடச் சொல்லு எண்டால்...”

“எனக்குக் கிட்டத்தான் தெரியவேணும்!”

“தூரம் தெரிஞ்சால்தானே மகன்ர வள்ளம் வாறதைக் காணுவாய்?”

“போன வருசம் கடலுக்குப் போன பிள்ளை இன்னும் வரேல்லை. அவன் வருமட்டும் கிழிஞ்ச வலையை ஆர் பொத்துறது, நீங்களே?”

திருகோணமலையில் கண்புரை வெட்டப் போன இடத்தில் நானும் என் புருசன் கதிராமனும் இப்படிச் சண்டை பிடித்தோம்.

“கண் அம்மாட, அம்மாவே சொல்லட்டும்” என்று டாக்டர் சிரித்தார். நான் கேட்டதையே வைத்தார். அவர் நல்லாயிருக்க வேண்டும். கட்டு அவிழ்த்ததும் அரிசியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது.

ஒரு வள்ளமும் இறங்க விடாமல் நேவி கடலை மூடியிருந்த கிழமை அது. சாம்பல்தீவு வீட்டுக்குள் வலை காய்ந்து கிடந்தது. பொத்த எடுத்தால், பாதிக் கிழிசல் ஏற்கெனவே பொத்தியிருந்தது. எல்லாம் இடக்கை முடிச்சு. எங்கள் வீட்டில் மகன் ஒருவன்தான் இடக்கையன்.

மறுநாள் விடியவும் புது முடிச்சுகள் இருந்தன. அவை மட்டும் கடல்தண்ணீரில் நனைந்திருந்தன.

தூரத்து லென்ஸ் வைத்திருந்தால் இதைக் கண்டிருக்கவே மாட்டேன். டாக்டரை நினைத்துக் கும்பிட்டுவிட்டு வலையை மடியில் எடுத்தேன்.

“இருட்டுக்க இருந்து கண்ணைக் கெடுக்காதை மகன், இனி அம்மாவுக்குக் கிட்டத் தெரியும், மிச்சத்தை நான் பொத்துறன்.”