மூன்றாவது உருண்டை

பிள்ளையார்பாளையத்தில் பகலில் தறிச் சத்தம் நிற்காது. அன்று உமாபதி வீட்டில் நின்றது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அப்பாதுரை அலறினார்.

மகன் வீரபாகு தறிக் குழியில் கால் தொங்க, நெய்த புடவை மேலேயே கவிழ்ந்து கிடந்தான். அப்பா உமாபதி சுவரோரம். அம்மா அம்சவேணி அடுப்படியில். மூன்று பேருக்கும் கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சு மட்டும் எப்போதோ ஒரு தடவை வந்தது.

மருமகள் கமலாட்சி ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

செய்தி பரவப் பரவத் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றபோது அந்த மூச்சு வாசல் வரை கேட்டது.

"என்னாடி போட்ட சோத்துல?" என்றார் அப்பாதுரை.

"இன்னும் உலையே வைக்கலைங்க. குழாயடிக்குப் போயிட்டு வந்தேன். இப்படிக் கிடக்கறாங்க."

"மூணு பேர் கிடக்கறாங்க. நீ மட்டும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே, எப்படி?"

கமலாட்சி இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கினாள்.

"போன வாரம் மாமியாக்காரி இவளைத் தெருவுல வெச்சு ஏசினா இல்ல? மனசுல வெச்சுக்கினு இருந்திருக்கா" என்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் அவள் கொண்டையைப் பிடித்தாள். "போலீஸைக் கூப்பிடுங்கப்பா!"

அப்போது சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சாமுவேல்.

"கோயில் யானைக்கு மதம் பிடிச்சிருக்குது. மயக்க மருந்தை வெல்லச் சோத்துல வெச்சு மூணு உருண்டை போட்டோம். ரெண்டைத் தின்னுது. மூணாவதைத் தூக்கி எறிஞ்சுது. யானை வாய்ச் சோறு, பிரசாதம்னு ஒரு அம்மா மடியில கட்டிக்கினு போச்சாம். இந்த வீடுன்னாங்க..."

கிடந்தவர்களைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வண்டி கொண்டாங்கப்பா, சீக்கிரம். யானைக்குப் போட்ட அளவு அது."

ஒருவன் வண்டிக்கு ஓடினான். அப்பாதுரை விடவில்லை.

"அப்ப இவ மட்டும் ஏன் திங்கல? தெரிஞ்சுக்கினேதான் சும்மா இருந்திருக்கா!"

கொண்டையில் பிடி இறுகியது. கமலாட்சி அந்தப் பிடியோடேயே குனிந்து, மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து, வாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

அம்சவேணியின் உதடு அசைந்தது. கண் யாரையும் பார்க்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குரல் வந்தது.

"சீக்கிரம் முழுங்குடா வீரபாகு... தண்ணிக்குப் போனவ வர்றதுக்குள்ள."