தோற்றவர் மேளம்

வடக்குத்தெரு கால்பந்து கிளப்புக்கு ஒரு மேளம், தெற்குத்தெரு கிளப்புக்கு ஒரு மேளம். தோற்ற கிளப்பின் மேளம் சத்தம் போடாமல் வீடு போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒருமுறை தெற்கு மேளம் தோற்ற பிறகும் முழங்கிக்கொண்டே வடக்குத்தெரு வழியாகப் போனது. பகை அன்றைக்கு ஆரம்பித்தது.

பிறகு தெற்குத்தெரு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள். கிளப்புக்குப் பூட்டு விழுந்தது. மேளம் உள்ளேயே கிடந்தது.

இந்த வருஷம் கப்பு வடக்குத்தெருவுக்கு. வடக்கு மேளம் வேண்டுமென்றே அந்தப் பூட்டிய கதவின் முன்னால் நின்று அதிர்ந்தது.

"அங்கே என்னய்யா சத்தம்?" என்றது உள்ளேயிருந்து தெற்கு மேளம்.

"கப்பு எங்களுக்கு!"

"யாரை ஜெயிச்சீங்க?"

"யாரோ புது டீம். ஏழு கோல் போட்டோம்."

"ஏழா? எங்ககிட்ட ஒரு கோல் போடுறதுக்குள்ள உங்களுக்கு நாக்குத் தள்ளிடுமே!"

வடக்கு மேளத்துக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆமாய்யா," என்றது. "அந்த ஒரு கோலுக்கு நான் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுச்சு."

அதற்குப் பிறகு, கப்பு முன்னால் போக, வீடு போய்ச் சேரும்வரை அது வாயே திறக்கவில்லை.