அடைபடாத ஓட்டை

கோடை தொடங்கினால் போதும், திரேசாவின் புருசன் பிலேந்திரனுக்குப் படகில் ஓர் ஓட்டை கிடைத்துவிடும்.

பழைய பைபர் பாய்ப்படகு. ஒஸ்லோவில் அதை வாங்கிய நாளிலிருந்து அவன் பைபர் துணியும் பசையுமாக ஒட்டிக்கொண்டேயிருக்கிறான். ஒட்டியது கல்லுப்போல் காய்ந்துவிடும். ஆனால் ஆட்களை ஏற்றுகிற நாள் பார்த்து, உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

“இல்லாட்டி உங்களை டென்மார்க் வரைக்கும் கொண்டுபோயிருப்பன். நான் குருநகர்க் கடலிலை வளர்ந்தவன்!” என்பான். டென்மார்க் போகிற பெரிய கப்பலில் விடிய விடிய வாந்தி எடுத்ததற்குக்கூட, கப்பல் சாப்பாட்டைத்தான் குறை சொன்னான்.

இன்றைக்கு திரேசாவின் தம்பி யூட், புட்டும் இறால் கறியுமாகக் குடும்பத்தோடு படகுத்துறைக்கு வந்துவிட்டான்.

“சே, திரும்பவும் ஒழுகுது!” என்று தலையில் கைவைத்தான் பிலேந்திரன்.

“பொறுங்கோ அத்தான், ஓட்டை எங்கையெண்டு நான் பாக்கிறன்,” என்று சப்பாத்தைக் கழற்றினான் யூட்.

திரேசா முந்திக்கொண்டு படகுக்குள் இறங்கினாள். கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல், உள்ளே நின்ற தண்ணீரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். மழையைக் கண்டு கனநாளாகிறது.

நிமிர்ந்தாள்.

“பெரிய ஓட்டை, தம்பி. இண்டைக்குச் சரிவராது. வாங்கோ, கரையிலை இருந்து சாப்பிடுவம்.”

எல்லாரும் முன்னே நடந்ததும் பிலேந்திரனின் காதருகே குனிந்தாள்.

“அடுத்தமுறை பைப் தண்ணி விடேக்கை, ரெண்டு பிடி உப்பும் போடுங்கோ.”