சாமிப் பாட்டு வரைக்கும் கேரண்டி

இரண்டாவது பாட்டில் டிரம் உள்ளே வரவேண்டிய இடத்தில், ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

மேடைக்குப் பின்னால் திரையோரம் நின்றிருந்த இஷ்தியாக் அகமது எட்டிப் பார்த்தார். அவர் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் அது.

வேலூர் லாங் பஜாரில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறார். அவர் செய்த பெட்டிகள் ஆடி மாதம் முழுக்கக் கோயில்களில் அலறியிருக்கின்றன. தேர்தல் ஜீப்பில் மழையில் நனைந்தபடி பொய் சொல்லியிருக்கின்றன. ஒன்றுகூடப் பாதியில் வாயை மூடியதில்லை.

நந்தகோபாலிடம் போன பெட்டி மட்டும் மூடியது.

நந்தகோபால் குடியாத்தத்துக்காரன். வீட்டில் இருபது விசைத்தறி ஓடியது. லுங்கி நெய்து அப்பா சேர்த்ததில் மகன் இன்னிசைக் குழு ஆரம்பித்தான். வேன் அவனுடையது, மைக் அவனுடையது, குழுவின் பெயரும் அவனுடையது. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த எலக்ட்ரானிக் டிரம்மும் அவனுடையதுதான். ஜில்லாவிலேயே முதல் எலக்ட்ரானிக் டிரம் என்று நோட்டீசில் போட்டுக்கொண்டான்.

தோல் கட்டிய டிரம்மைப் போல அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. அதற்கென்றே தனியாக இஷ்தியாக் அகமதுவிடம் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் பேசினால்தான் அது பேசும்.

இதற்கு முன் மூன்று கச்சேரிகளில் மூன்று முறையும் அது பேசவில்லை. முதல் பாட்டு சாமிப் பாட்டு, அதற்கு டிரம் இல்லை. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் விளக்கு போய்விடும்.

முதல் தடவை இஷ்தியாக் அகமது ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தார். அடுத்த தடவை டிரான்சிஸ்டர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். மூன்றாம் தடவை ஒரு ஸ்டெபிலைசரைச் சும்மாவே கொடுத்தனுப்பினார். கடையில் வைத்துக் காலை முதல் மாலை வரை ரேடியோவைக் கத்தவிட்டாலும் பெட்டியில் சூடுகூட ஏறவில்லை.

நந்தகோபால் போகிற டீக்கடையில் எல்லாம் சொல்லிக்கொண்டு போனான்: "பாய் ஆம்ப்பா? சாமிப் பாட்டு வரைக்கும் கேரண்டி!"

பஜாரில் அவருக்கு 'சாமிப் பாட்டு பாய்' என்றே பெயர் விழுந்தது. அவர் தினமும் தொழுகிற பள்ளிவாசலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கியபோது, எதிர்க்கடையில் வாங்கினார்கள்.

அதனால்தான் இன்று கடையைப் பூட்டிவிட்டு, சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, மாதனூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியின் ஆயுத பூஜைக் கச்சேரிக்கு அவரே கூட வந்திருந்தார்.

எதிரே முந்நூறு தொழிலாளிகள் பொரி தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள். டிரம் ஊமையாகிவிட்டதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாடகி பங்கஜம் பாடிக்கொண்டே போனாள். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த டோலக் ஜம்புலிங்கம் தாளத்தைத் தாங்கிக்கொண்டார். நந்தகோபால் பெட்டியை ஒரு முறை முறைத்துவிட்டு, பேசாத பலகைகளை அடித்துக்கொண்டேயிருந்தான். அடிப்பதை நிறுத்தினால் ஜனங்கள் பார்ப்பார்களே.

இஷ்தியாக் அகமது முட்டிபோட்டு ஒயரைத் தொடர்ந்து போனார்.

ஒயர் ஸ்விட்ச் போர்டுக்குப் போனது. போர்டு ஜம்புலிங்கத்தின் காலடியில் இருந்தது. ஸ்விட்ச்சின் மேல் ஜம்புலிங்கத்தின் கால் கட்டைவிரல் இருந்தது.

இஷ்தியாக் அகமதுவுக்கு ரத்தம் கொதித்தது. பொறாமை! புது மெஷினைக் கண்டு கிழட்டு டோலக்குக்கு வயிற்றெரிச்சல். அதைத் தீர்த்துக்கொள்ள என் பெயர்தானா கிடைத்தது?

விரலைத் தள்ளிவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டார். மறுபடி யாரும் அணைத்துவிடாதபடி பக்கத்திலேயே காவலுக்கு நின்றுகொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றாகக் கேட்கட்டும் எல்லாரும்.

எல்லாரும் கேட்டார்கள்.

சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கொரகொரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. ஒவ்வோர் அடியும் அத்தனை தெளிவாக விழுந்தது, விழக்கூடாத இடத்தில்.

ஓர் அடி பாட்டுக்கு முன்னால் ஓடியது. அடுத்தது பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி பின்னால் வந்தது. பங்கஜம் சரணத்தை எடுத்தாள், நின்றாள், மறுபடி எடுத்தாள், மறுபடியும் நின்றாள். பொரி மென்ற வாய்கள் நின்றன. முன்வரிசையில் மேனேஜர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

நந்தகோபால் கண்ணை மூடி, சிரித்த முகமாக அடித்துக்கொண்டிருந்தான்.

ஜம்புலிங்கம் கையை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பொறாமை ஒன்றும் இல்லை, களைப்புதான் இருந்தது.

"ரிகர்சல்ல ஒரு வாட்டி கேட்டோம் பாய். சம்பளம் குடுக்கிறவர்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

இஷ்தியாக் அகமது இன்னும் நாலு வரி பொறுத்துப் பார்த்தார். பதினெட்டு வருடத்துப் பெயரை நினைத்துக்கொண்டார். ஐந்தாவது வரியில் குனிந்து, தன் கையாலேயே ஸ்விட்ச்சை அணைத்தார்.

பாட்டு தடம் பிடித்து ஓடியது. மேனேஜர் காதிலிருந்து விரலை எடுத்தார்.

கச்சேரி முடிந்ததும் நந்தகோபால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இன்னா பாய், நீங்க கிட்ட நின்னுமே போய்டுச்சே?"

"ஆமா தம்பி. நம்ம ஆம்ப்தான் சரியில்ல."

தன்னைவிட இருபது வயது மூத்தவரின் தோளில் நந்தகோபால் பெருந்தன்மையாகக் கை போட்டான்.

"பேஜாராவாதீங்க பாய். எடுத்த எடுப்புல யாருக்கும் வராது. பழகப் பழகத்தான் கை வரும்."