பின்னால் வந்த ‘இல்லை’

ஜெசிந்தாவின் தம்பி லூயிஸ் பென்சிலின் ஊசியில் இறந்தபோது, அவனுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை என்றுதான் ஆஸ்பத்திரிக் கணினி காட்டியது. அங்கே தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. துக்கம் முடிந்து வந்தவள், நோயாளிகளின் கணினிப் பதிவுகளில் ‘கீ’ எனப்படும் ஒரே தலைப்பு இரண்டு முறை வருகிறதா என்று தேடினாள். லூயிஸின் பதிவில் ‘ஒவ்வாமை’ இரண்டு முறை இருந்தது. முதலில் பென்சிலின், அடுத்து ‘இல்லை’. மென்பொருள் பின்னால் வந்ததையே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கும் சோதனையை அவள் முன்பே எழுதியிருந்தாள். “வேகம் குறையுதும்மா, தூக்கிடு” என்று அதை நீக்கவைத்தவர் மேலாளர் பத்ரிநாத்.

தேடலில் அவர் பெயரும் வந்தது. காலையில்தான் ஆபரேஷனுக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கும் ஒரு மருந்தின் பெயர், அதன் பின்னால் ‘இல்லை’. ஜெசிந்தா அதைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. பத்ரிநாத்தான்.

“எனக்கு ஏதோ மருந்து ஒத்துக்காதும்மா, பேரு மறந்துபோச்சு. இங்க ‘இல்லை’ன்னு காட்டுதாம். ஊசியோட நிக்கறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டுத்தான் சார் இருக்கேன். முதல்ல என் தம்பி பேரைச் சொல்லுங்க.”

மறுமுனையில், பக்கத்திலிருந்த நர்ஸிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: “செத்துப்போனானே, அந்தப் பையன் பேரு என்னம்மா?”